சும்மா போய்விட்டு வந்தோம்

போன வருஷம் ஜூலை 23 அன்று மகளையும் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் அப்பாவுக்கு வேலை, எங்கம்மாவுக்குக் காய்ச்சல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் குடிமுழுகிவிடாது என்று ரயில் ஏறிவிட்டோம். ராத்திரி முழுக்க ஜன்னலை விட்டு நகரவில்லை அவள். இருட்டில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தாமிரபரணியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டாள். அவ்வளவு தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்துச் சங்கராபரணி ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். "இறங்கட்டுமாம்மா?" என்றாள். சுற்றிலும் மலர்வளையத்தோடும் பதாகையோடும் ஆட்கள். 1999-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றில் விழுந்து, 17 பேர் செத்த இடம் அது. கைக்குழந்தை ஒன்றும் அந்தப் பதினேழில் உண்டு. "இன்னைக்கு வேணாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். பூப் போட்டோம், முழக்கம் போட்டோம், கிளம்பினோம்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டாள்:

"அம்மா, நாம போற ஊர்ல எல்லாம் யாராச்சும் செத்துப்போயிருப்பாங்களா?"

அவள் கணக்கு சரிதான். ஆறு வயதில் டிசம்பர் 25-க்குக் கீழ்வெண்மணி போனாள். 44 பேர் எரிக்கப்பட்ட ஊரில் அவளுக்கு நினைவிருப்பது பஸ்ஸில் வாந்தி எடுத்ததும், ஒரு தோழர் வாங்கிக்கொடுத்த பன்னும்தான். அடுத்து ஒரு ஜூன் 30-க்கு மேலவளவு. அவள் வகுப்புப் பிள்ளைகள் லீவு முடிந்து வந்து ஊட்டியையும் மெரினாவையும் சொல்லும்போது இவள் சொல்ல வேண்டியிருப்பது நினைவுத்தூண்களை. இதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்த ஊர்களை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டுதான் வளர வேண்டும். ஆனால் தண்ணீரைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள், நான் இழுத்துக்கொண்டேன். அது மட்டும் விழுப்புரம் வரும்வரை என்னைத் தூங்கவிடவில்லை.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மூன்று மாவட்டத்திலும் நான் போகாத காலனி குறைவு. உண்மை அறியும் குழு, பாதிக்கப்பட்டவர் வீடு, ஆஸ்பத்திரி, எஸ்.பி. ஆபீஸ் என்று பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு ஊரும் எனக்கு ஒரு வழக்காகத்தான் ஞாபகம் இருக்கிறது. கல்வராயன் மலைக்கு ஏழெட்டு தடவை ஏறியிருக்கிறேன், மேகம் அருவியைப் பார்த்ததில்லை. "வேலையா வந்துட்டு அருவி பார்க்கிறதா?" என்று ஒரு குற்ற உணர்ச்சி. நம் இயக்கத் தோழர்கள் பலருக்கும் இது உண்டு, எனக்குத் தெரியும். மழைக்கால மலையைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால்கூட யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று அழித்துவிடுவோம்.

எங்கம்மாவின் கதை வேறு. அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. அவள் பார்த்த ஊர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். தம்பி பிறந்து இறந்ததற்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. அப்பாவின் சிறுநீரகத்துக்கு ஜிப்மர். நிலத் தகராறில் சாட்சி சொல்ல விழுப்புரம் கோர்ட்டு. மாநாட்டுக்கு லாரியில் ஏறிப் போன சென்னை. கரும்பு வெட்டப் போன பண்ருட்டிப் பக்கம். அவ்வளவுதான். காணும் பொங்கலன்று ஊரே எங்காவது போகும் என்பார்கள். சின்ன வயதில் அவளுக்குக் காணும் பொங்கல் என்றால் பாத்திரத்தோடு ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்கிற நாள். அவர்கள் போடுகிறதை வாங்கிக்கொண்டு வருவதுதான் 'காணுவது'.

எம்.ஏ.வில் வெப்லன் என்று ஒருவரைப் படித்தோம். 1899-ல் ஓய்வு வர்க்கம் பற்றிப் புத்தகம் எழுதியவர். வேலை செய்யாமல் இருப்பதையே மேல்தட்டு எப்படி அந்தஸ்தாகக் காட்டிக்கொள்கிறது என்று அவர் சொன்னதை நானும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். எழுதும்போது அம்மா ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை. அதுதான் படிப்பு.

போன செப்டம்பரில் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர்களோடு பேசப் போனேன். வழக்கமாகச் சட்டப் பிரிவுகளில் ஆரம்பிப்பேன். அன்று இந்த நினைப்பிலேயே இருந்ததால், "கடைசியா சும்மா எங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டேன். பெரிய அமைதி. ஒருவன் தேர்வு எழுத மதுரை போனதைச் சொன்னான். இன்னொருவன் சித்தப்பா சாவுக்குப் பெங்களூரு. ஒரு பெண் எழுந்து, "சும்மான்னா எப்படிக்கா? வேலை எதுவும் இல்லாமயா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், விடுதியோடு சேர்த்துப் பொதுக் கேளிக்கை இடங்களையும் அது சொல்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று போகிறது பட்டியல். கிணற்றையும் சாலையையும் நாம் போராட்டத்தில் எடுத்துக்கொண்டோம். கேளிக்கையை யாரும் அவ்வளவாகச் சீண்டவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் இருக்கிற ஊரில் கேளிக்கையைப் பேச எங்கே நேரம்? அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. நேரம் என்றைக்கு வரும் என்றுதான் கேட்கிறேன்.

ஆக, செஞ்சிக்கோட்டை போவதென்று முடிவாயிற்று. பொங்கல் கூட்டம் ஓயட்டும் என்று அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் இருந்து பார்த்தாலே ராஜகிரி தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுப்பாக எடுத்தார்கள், அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்று. உலகம் வந்து பார்க்கிற மலையை, பிறந்ததிலிருந்து தினம் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா ஏறியதில்லை.

"கோட்டைக்கு நான் போயிருக்கேன்டி" என்றாள்.

போயிருக்கிறாள். என் பள்ளிக்கூட நாட்களில் கோட்டைக்குள் புதர் வெட்டக் கூலி ஆள் கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் வேலை. கல்யாண மகால் அவளுக்கு நன்றாகத் தெரியும், அதன் நிழலில் உட்கார்ந்துதான் கூழ் குடித்திருக்கிறாள். நெற்களஞ்சியத்தின் பக்கத்தில் மண் கூடை தூக்கியிருக்கிறாள். மேலே மட்டும் போனதில்லை. "மேல வேலை இல்ல" என்று காரணம் சொன்னாள்.

பதினோரு பேர் சேர்ந்தோம். நான், அவர், மகள், அம்மா. சென்னையில் லேத் பட்டறையில் வேலை செய்கிற அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். என்னோடு எம்.ஏ. படித்த சிநேகிதி, அவள் தங்கை. எங்கள் அலுவலகத்துத் தோழர் ஒருவர். தோழருக்கு ஐம்பத்தைந்து வயது, எந்த இடத்துக்குப் போனாலும் அதன் வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டார். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று மகள் சொன்னாள்.

அம்மா கிளம்பும் நாள் காலை வரைக்கும் ஏதாவது ஒரு தடை சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டி வலி. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை. மஞ்சள் புடவை துவைக்கவில்லை. கடைசியில், "எல்லாரும் கழனிக்குப் போவும்போது நான் மட்டும் பொடவ கட்டிக்கினு எங்க போறேன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள். இதுதான் அசல் காரணம். "சும்மா போறேன்னு சொல்லு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

மதியம் தாண்டினால் ராஜகிரி ஏறவிடமாட்டார்கள் என்று எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். அடிவாரம் சுகமாகத்தான் இருந்தது. படிகளை மகள் எண்ணத் தொடங்கி முன்னூறு சொச்சத்தில் விட்டுவிட்டாள். சுமார் எண்ணூறு அடி உயர மலை. கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், ஏறினால் தெரியும். தோழர் மூச்சிரைத்துக்கொண்டே 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்ததில் ஆரம்பித்தார். மொகலாயர் முற்றுகை போட்டு 1698-ல் பிடித்தது, 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று அவர் வருவதற்குள் பிள்ளைகள் இரண்டு வளைவு மேலே போய்விட்டார்கள். கேட்டது அம்மா ஒருத்திதான். அவளும் வரலாற்றைக் கேட்கவில்லை, தேசிங்கு எப்போது வருவான் என்று காத்திருந்தாள்.

தேசிங்குராஜன் கதை எங்கள் பக்கத்தில் கூத்துக் கதை. 1714-ல் ஆற்காட்டு நவாப்போடு சண்டை போட்டுச் செத்த இளைஞன். கூத்தில் அவனுக்குப் பாராசாரிக் குதிரை உண்டு, உயிர் கொடுக்கிற முஸ்லிம் நண்பன் உண்டு. அம்மாவுக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. விடிய விடிய கூத்து நடக்கும்போது காலனி ஆட்கள் ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். "ஓரமா இருந்தாலும் காது கேக்கும்ல" என்றாள். கமலக்கண்ணியம்மன் கோயில் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவள் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள். தோழரின் மூன்று நூற்றாண்டு சாதிக்க முடியாததை ஒரு குதிரை சாதித்தது. என் அண்ணன் மகன் அதற்குப் பிறகு ஆயாவின் கையை விடவே இல்லை.

சாப்பாட்டில்தான் சிக்கல். மலைக்குப் போகும் வழியில் குரங்குகள் ஏராளம் என்பதால், பையைக் கீழேயே வைத்துவிட்டு இறங்கி வந்து சாப்பிடலாம் என்று அண்ணி சொன்னாள். யாரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலம் ஒன்றை ஒரு தாட்டியான குரங்கு சிநேகிதியின் தோளிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. போனது போகட்டும் என்று ஒரு மண்டபத்து நிழலில் மிச்சத்தைப் பிரித்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, மருமகள், குழந்தைகள். நல்ல மாதிரி. எங்கள் பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்தார்கள், நாங்கள் ஆரஞ்சு கொடுத்தோம்.

அம்மா ஒரு தூக்குவாளியை மட்டும் திறக்காமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். அதில் உப்புக்கண்டம் வறுவல். மாட்டுக்கறி. அண்ணனுக்குப் பிடிக்கும் என்று முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து வறுத்தது. "தொறம்மா" என்றேன். கண்ணால் அந்தக் குடும்பத்தைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பாட்டி, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டாள்.

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். "அங்க எந்தப் பக்கம்?"

"மாரியம்மன் கோயிலாண்ட."

மாரியம்மன் கோயில் ஊர்த்தெருவில் இருக்கிறது. அதன் வாசலில் நாங்கள் நின்றதில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறந்தேன். பத்து வருஷமாக மேடையிலும் விடுதியிலும் ஸ்டேஷனிலும் பேசுகிற வாய். "காலனி" என்ற ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. தூக்குவாளி திறக்கப்படவே இல்லை. பாட்டி கிளம்பும்போது மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் சிநேகிதிக்கும் எனக்கும் சண்டை. "நீயா இப்படி?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் எனக்கு லீவு கிடையாதா என்று நான் கேட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் வீட்டில் மூன்று தலைமுறை அரசு வேலை, நகரத்து வாழ்க்கை. ஊர்ப் பெயருக்கு அடுத்த கேள்வி அவளிடம் அவ்வளவாக வந்ததில்லை.

சண்டையை நிறுத்தியது தோழர். அம்பேத்கர் போன சுற்றுலா உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் வரலாறு சொன்னதில் உருப்படியானது அன்றைக்கு இது ஒன்றுதான்.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1934-ல் இயக்கத் தோழர்கள் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று ஆசைப்படுகிறார்கள், அம்பேத்கர் கூட வருவதானால். அவரும் சம்மதிக்கிறார். சுமார் முப்பது பேர். எல்லோராக் குகைகளைப் பார்ப்பது முக்கியத் திட்டம். போகிற வழியில் தௌலதாபாத் கோட்டை. அந்தப் பயணத்தில் அவர்கள் தாங்கள் தீண்டப்படாதவர்கள் என்பதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் போவதென்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். வழியில் தொல்லை வேண்டாம் என்றுதான். மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது அப்போது. வட்டமேசை மாநாடும் பூனா ஒப்பந்தமும் முடிந்துவிட்டன. அப்பேர்ப்பட்டவரே அப்படித்தான் போக வேண்டியிருந்தது.

கோட்டை வாசலில் ஒரு குளம். புழுதி படிந்த முகத்தை எல்லாரும் அதில் கழுவிக்கொள்கிறார்கள். வாசலுக்குள் போனதும் பின்னாலிருந்து ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தீண்டப்படாதவர் ஒருவர் முஸ்லிமாக மாறினால் அப்போதும் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. கடைசியில் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, அதைப் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு ஆளையும் கூடவே அனுப்பி, உள்ளே விடுகிறார்கள். இதை முஸ்லிம்களுக்கு எதிராக மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. அதே புத்தகத்தில் இந்து வண்டிக்காரர் வருகிறார், பார்சி விடுதி வருகிறது, தயங்குகிற கிறித்தவ நண்பரும் வருகிறார். எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எனக்கு அந்தக் கதையில் இத்தனை நாள் தெரிந்தது குளம் மட்டும்தான். வகுப்பெடுக்கும்போதும் குளத்தைத்தான் சொல்வேன். அந்த முப்பது பேரும் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதை நான் ஒரு நாளும் அழுத்திச் சொன்னதில்லை. பஸ்ஸில் ஏறும்போது சிரித்திருப்பார்கள். யாராவது பாடியிருப்பார்கள். யாராவது தின்பதற்கு எதையாவது கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அதெல்லாம் எழுத்தில் இல்லை. குளம்தான் இருக்கிறது, ஏனென்றால் அன்றைய நாளைக் குளம் தின்றுவிட்டது.

அம்மா அதற்குள் தூக்குவாளியைத் திறந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்பேத்கர் கதையை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. "அவரும் சொல்லிக்கிலயா?" என்று மட்டும் ஒரு முறை கேட்டாள்.

உச்சிக்குப் போகும் முன் ஒரு பெரிய பிளவு வரும். அதன்மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு படையும் உள்ளே வர முடியாதாம். அம்மா அங்கே நின்றுவிட்டாள். கீழே பார்த்து, "நான் இங்கியே குந்திக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். மகள் அவளை இழுத்தாள், பேரன் பின்னால் இருந்து தள்ளினான், அண்ணன் ஒன்றும் பேசாமல் முன்னால் போய்ப் பின்பக்கமாகக் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேலே காற்று. அம்மா முதலில் தேடியது எங்கள் தெருவை. வெகு நேரம் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் ஏரிக்கரையை வைத்து, புளியமரங்களை வைத்து, கண்டுபிடித்தாள். அங்கிருந்து ஒவ்வொரு கழனியாகச் சொல்ல ஆரம்பித்தாள். இதில் நடவு நட்டேன், இதில் மல்லாட்டை புடுங்கினேன், இதில் கரும்பு, இது ஆண்டையுது, இதுவும் ஆண்டையுது, இது விற்றுப் பிளாட் போட்டது. விரல் நீட்டிய இடமெல்லாம் அவள் வேலை செய்த இடம். எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை. நிலம் கட்டங்கட்டமாகப் பச்சையும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தது. "மேலேர்ந்து பாத்தா நல்லாத்தான் கீது" என்று அவளும் சொன்னாள்.

இறங்கும்போது மணி ஒன்று. நேராக வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். அண்ணியின் பெரியப்பா வீட்டுப் பம்புசெட்டில் பிள்ளைகளைக் குளிக்கவைத்து அழைத்துப் போகலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான்.

அது ஒன்றரை ஏக்கர் பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட வகை நிலம், பெரும்பகுதி யார் யார் கையிலோ இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. பெரியப்பா குடும்பம் எப்படியோ விடாமல் பிடித்துக்கொண்டது. கிணறு உண்டு, மோட்டார் கொட்டகை உண்டு, சிமென்ட் தொட்டி உண்டு. மும்முனைக் கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும். கரண்ட் இல்லை. வேப்பமரத்தடியில் காத்திருந்தோம்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, மே மாத வெயிலில், அவனும் இரண்டு பையன்களும் ஊர்க்காரர் ஒருவரின் கிணற்றில் இறங்கிக் குளித்தார்கள். நீச்சல் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏரியில் எருமை வாலைப் பிடித்துக் கற்றுக்கொண்டது. நிலத்துக்காரர் வந்து கரையில் இருந்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள். இருட்டின பிறகு அவர் துணியோடு எழுந்து போய்விட்டார். இவர்கள் வாழை இலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தார்கள். மறுநாள் அப்பா போய்க் காலில் விழுந்தார். கிணற்றைச் 'சுத்தம்' பண்ணச் செலவுக்கும் கொடுத்தார். அம்மா அண்ணனை விளக்குமாறு பிய்ந்துபோகும் வரைக்கும் அடித்தாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இன்று இப்படி ஒரு பையன் என் முன்னால் வந்து நின்றால் என்ன புகார், எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் அண்ணன் வழக்கு மட்டும் எந்த ஸ்டேஷனிலும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் தண்ணீரில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. மெரினாவுக்குப் பிள்ளைகளோடு போனால்கூட ஷூவோடு மணலில் உட்கார்ந்திருப்பானாம், அண்ணி சொல்வாள்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. பைப்பிலிருந்து முதலில் ஒரு செருமல், அப்புறம் தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தத்துக்கே பிள்ளைகள் கத்தினார்கள். என் மகள் துணியோடு தொட்டிக்குள் குதித்தாள். பின்னாலேயே மற்ற இரண்டும். சிநேகிதியின் தங்கை. அப்புறம் தோழர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, இயக்கத்தின் மானத்தை வாங்கிக்கொண்டு.

"மாமா, வாங்க மாமா" என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்மளுதுதாம்பா" என்றார். அவருக்குக் கதை தெரியுமா தெரியாதா, நான் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்து எழுந்தான். சட்டையைக் கழற்றி மடித்தான். வைக்க இடம் தேடினான். கரையில் வைக்கவில்லை, கொட்டகை ஆணியிலும் மாட்டவில்லை. நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தொட்டிக்குள் இறங்கவில்லை, பைப்புக்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டு நின்றான், முதுகு முழுக்கத் தண்ணீர் அடிக்க. கரண்ட் போகிறவரை நின்றான். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா அவனிடம் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மூன்று நாள் முட்டி வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை. "ஒரு நாள் கூத்துக்கு" என்று என்னைத் திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கோட்டை உச்சியில் இருந்து யார் யார் வீடு தெரிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை, தன் வீடு தெரியவில்லை என்று அம்மா சொன்னதில் கோபித்துக்கொண்டு, தானே ஏறிப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நாலைந்து பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். மல்லாட்டை அறுப்பு முடியட்டும் என்கிறார்கள்.

போன வாரம் அண்ணன் போன் பண்ணினான். சென்னையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் விசாரித்தானாம். ஒரு பிள்ளைக்கு மாசம் எவ்வளவு கேட்கிறார்கள் தெரியுமா என்று பத்து நிமிஷம் புலம்பினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "பெரியவங்களுக்கும் காலைல ஒரு பேட்ச் வெச்சிருக்காங்க" என்றான். சேர்ந்தானா என்று இன்னும் சொல்லவில்லை.